மூன்று விநாடி நின்ற செயற்கைக்கோள்

சில வருஷ காலமாக நம் நாட்டில் ஒரு சேதி உலாவி வருகிறது. அதாவது, வானத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் எல்லாம் காரைக்கால் பக்கத்திலுள்ள திருநள்ளாற்றுச் சனீசுவரன் கோயிலுக்கு நேர் மேலே வந்ததும் 3 விநாடி நின்றுவிட்டுப் பிறகுதான் நகருகின்றன என்றும், இதைக் கண்டு அமெரிக்காவின் நாசா விஞ்ஞானிகளே திகைத்துப் போனார்கள் என்றும் சொல்லப்படுகிறது. டீக்கடையிலும் சொல்லுகிறார்கள். கலியாண வீட்டுப் பந்தியிலும் சொல்லுகிறார்கள். கைபேசியில் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்ப, அவர் பத்துப் பேருக்கு அனுப்புகிறார். எழுத்து வாசனை இல்லாதவர்கள் மாத்திரம் இதைச் சொன்னால் நாம் பெரிதுபடுத்த மாட்டோம். எஞ்சினியரும், டாக்டரும், வாத்தியாரும் அல்லவா சொல்லுகிறார்கள்!

இதை மறுக்கிறவர்களும் இல்லாமலில்லை. "நாசா அப்படி ஒன்றும் சொல்லவே இல்லை" என்கிறார்கள். நிஜந்தான். ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். "நாசா சொல்லிற்று" என்று நம்பினவனுக்கும், "நாசா சொல்லவில்லை" என்று நம்பினவனுக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் பிறத்தியார் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் தாமே? ஒருவனுக்கு அதிர்ஷ்டவசமாய் நிஜம் அகப்பட்டது. மற்றவனுக்குப் பொய் அகப்பட்டது. நாளைக்கு வேறொரு விஷயத்தில் இது தலைகீழாக மாறினாலும் மாறும்.

ஆகவே, "எங்கள் பேச்சை நம்புங்கள்" என்று சொல்ல நாம் வரவில்லை. இந்தச் சங்கதியை நீங்களே, உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டே, கையால் செய்த கருவியைக்கொண்டே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லத்தான் வருகிறோம். அதற்காகும் செலவு, குடும்பத்தோடு ஒரு தரம் யாத்திரை போய்வருகிற செலவுக்கு மேல் ஆகாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7½ கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது கீழே விழாமலிருப்பதற்குக் காரணம் அந்த வேகந்தானே ஒழிய வேறில்லை. உண்மையில் அது ஒவ்வொரு விநாடியும் பூமியை நோக்கி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் விழுவதற்குள் பக்கவாட்டில் அவ்வளவு தூரம் ஓடிவிடுவதால், அதற்குள் பூமியும் அதே அளவுக்கு வளைந்து இறங்கிவிடுகிறது. இந்த நிலையில், திருநள்ளாற்றுக்கு மேலே இருந்த கோள் தெற்கு முகமாய் ஓடினால் 3 விநாடிக்குள் நாகப்பட்டினம் பக்கம் போயிருக்கும்.

அதை நிறுத்த வேண்டுமானால் எப்படி நிறுத்துவது? அங்கே பிரேக் பிடிக்க ரோடு இல்லை. சரி, யாரோ நிறுத்தினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 3 விநாடிக்குப் பிறகு அதற்கு மறுபடி அந்த வேகம் எங்கிருந்து வரும்? ஒன்றே முக்கால் டன் எடையுள்ள ஒரு கோளுக்கு அந்த உயரத்தையும் வேகத்தையும் கொடுப்பதற்கு ஸ்ரீஹரிகோட்டாவில் 320 டன் எடையுள்ள பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டைக் கொளுத்தவேண்டி இருக்கிறது. ஒவ்வொரு தரம் நின்று புறப்படுகிறபோதும் இவ்வளவு எரிபொருளை எந்தப் பங்கில் போய் நிரப்பிக்கொள்வது?

நிற்பது போலத் தோன்றுகிற கோள்களும் உண்டு என்பது வாஸ்தவம். வீட்டுக் கூரையில் டிஷ் வைத்திருக்கிறோமே, அது பார்த்துக்கொண்டிருக்கும் கோள் அப்படிப்பட்டது. அது 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலுகிற அதே கணக்கில் சுற்றுவதால் நமக்கு நிற்பதுபோல் தெரிகிறது. ஆனால் அது பூமத்திய ரேகைக்கு நேர் மேலேதான் அப்படி இருக்க முடியும். திருநள்ளாறோ அந்த ரேகைக்கு ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே இருக்கிறது. தவிரவும், நிற்கிற கோள் எப்போதும் நின்றபடி தோன்றுமே ஒழிய, 3 விநாடி நின்றுவிட்டு ஓடாது.

"கணக்கும் நீங்கள் சொல்லித்தானே எங்களுக்குத் தெரிகிறது?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகையால் கணக்கை விட்டுவிட்டுக் காதுக்கு வருவோம்.

ஸ்டேஷனில் நிற்காத ரயில் ஊதிக்கொண்டு வரும்போது ஊதல் சத்தம் உச்சமாய்க் கேட்கிறது; நம்மைத் தாண்டினதும் சட்டென்று தணிந்துவிடுகிறது. இதன் காரணத்தை 1842இல் ஆஸ்திரியா தேசத்து டாப்ளர் என்பவர் விளக்கினார். கிட்ட வருகிற பொருளிலிருந்து வரும் அலைகள் நெருங்கி வந்து சேருகின்றன. விலகிப் போகிற பொருளின் அலைகள் தள்ளித் தள்ளி வருகின்றன. ரேடியோ அலைக்கும் இதே விதிதான். 145 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் சதா ஒலிக்கும் ஒரு செயற்கைக்கோள், அடிவானத்தில் உதிக்கும்போது சுமார் 3,000 ஹெர்ட்ஸ் மேலே கேட்கும்; தலைக்கு மேல் வரும்போது உள்ளபடி கேட்கும்; மறையும்போது அதே அளவு கீழே கேட்கும்.

இதைக் கேட்க என்ன வேண்டும்? கம்ப்யூட்டரில் டெலிவிஷன் பார்ப்பதற்காகக் கட்டைவிரல் அளவில் ஒரு குச்சி விற்றார்கள். அதனுள் இருக்கும் ரியல்டெக் கம்பெனிச் சில்லு டெலிவிஷனை மாத்திரமல்ல, பலவித ரேடியோ அலைகளையும் பிடித்துக் கொடுக்கும் என்பதை 2012 வாக்கில் கண்டுபிடித்தவர்கள் அந்தக் கம்பெனிக்காரர்களல்ல. சும்மா குடைந்து பார்க்கும் பழக்கமுள்ள சில பொழுதுபோக்குக்காரர்கள். அந்தக் குச்சி ஒன்று, அரை மீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகள், கொஞ்சம் கேபிள் ஒயர், சால்டரிங் அயர்ன், ஒரு பழைய கம்ப்யூட்டர், இவ்வளவு போதும். சென்னை ரிச்சி தெருவில் இவையெல்லாம் சர்வ சாதாரணமாய்க் கிடைக்கிற சாமான்கள். கம்பிகள் இரண்டையும் நாமம் போல விரித்து மாடியில் படுக்கவைத்துவிட்டால் ஏரியல் தயார். கோள் எத்தனை மணிக்கு வரும் என்பதை விநாடி பிசகாமல் கணக்கிட்டுச் சொல்லும் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கோள் கடந்து போகிறபோது, அதன் குரல் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடாக வளைந்து, வழுவழுவென்று மேலிருந்து கீழே இறங்கும். நிற்கிற பொருளுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆதலால், அது திருநள்ளாற்றுக்கு மேல் உண்மையிலேயே நிற்குமானால், சென்னையிலோ மதுரையிலோ இருந்து கேட்கிற ஒருவருக்கு அந்தக் கோடு சட்டென்று முறிந்து, நடுவில் வந்து 3 விநாடி நின்று, மறுபடி பழைய இடத்துக்குத் தாவவேண்டும். அது மாத்திரமல்ல; ஒவ்வொரு தரமும் அடுத்த ஊருக்கு 3 விநாடி தாமதித்து வந்து, நாளடைவில் உலகத்திலுள்ள அத்தனை பேர் கணக்கும் தப்பிப் போகவேண்டும். முறிந்த கோட்டைக் கண்டவர் யாராவது இருந்தால் அந்தப் படத்தைக் கொண்டுவரட்டும். 2014இல் கிரீஸ் தேசத்தில் சிலர் ஆரம்பித்த சாட்நாக்ஸ் என்ற ஏற்பாட்டில், உலகமெங்கும் உள்ள தொண்டர்கள் தங்கள் வீட்டு ஏரியலில் பிடித்த இப்படிப்பட்ட கோடுகளை யாரும் பார்க்கும்படி திறந்தே வைத்திருக்கிறார்கள். அங்கேயும் தேடிப் பார்க்கலாம்.

நிற்க. இது ஏதோ பையன்கள் விளையாட்டு என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களுக்குச் சில சரித்திரங்களைச் சொல்லவேண்டியது அவசியமாகிறது.

1957ஆம் வருஷம் அக்டோபர் 4ந் தேதி சோவியத் ருஷ்யா ஸ்புட்னிக்கை ஏவிற்று. 58 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை, எடை 83.6 கிலோ, அதிலிருந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி 1 வாட். அதன் "பீப் பீப்" சத்தத்தை 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸில் எந்த அமெச்சூரும் கேட்கலாம். கேட்கவேண்டும் என்பதற்காகவே அந்த அலைவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, அந்நாட்டு 'ரேடியோ' பத்திரிகையில் முன்கூட்டியே எழுதியும் இருந்தார்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் கையர், வைஃபன்பாக் என்ற இரண்டு இளைஞர்கள், யாரும் ஏவாமலே அந்தச் சத்தத்தைப் பிடித்து, அதன் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே கோளின் பாதையைக் கணக்கிட்டார்கள். 1958இல் அவர்களுடைய மேலதிகாரி மக்ளூர் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்: "கோளின் பாதை தெரிந்தால், கேட்கிறவன் இருக்குமிடம் தெரியுமா?" தெரியும் என்று கண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'டிரான்சிட்' என்ற முதல் வழிகாட்டிக் கோள்களின் ஏற்பாடு. இன்று கைபேசி நமக்கு வழி சொல்லுகிறதென்றால், அதன் பூர்வோத்தரம் அந்தப் "பீப் பீப்" சத்தத்தில் இருக்கிறது.

இதைவிட ருசிகரமானது இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துச் சங்கதி. அங்கே ஜெஃப்ரி பெர்ரி என்ற பௌதிக வாத்தியார், டாப்ளர் விதியைப் பையன்களுக்குப் புரியவைப்பதற்காக, ரேடியோ அமெச்சூராயிருந்த ரசாயன வாத்தியாரையும் சேர்த்துக்கொண்டு, சோவியத் கோள்களின் சத்தத்தைப் பிடித்து, நேரம் குறித்துக்கொண்டு வந்தார். 1966 மார்ச்சில் ஏவப்பட்ட காஸ்மாஸ் 112 என்ற கோளின் பாதை, ருஷ்யர்கள் அதுவரை கோள்களை ஏவிவந்த இடங்களோடு பொருந்தவில்லை. அவ்வருஷம் அக்டோபரில் மற்றொரு கோள் வந்தது. இரண்டின் பாதைகளையும் பின்னோக்கி வரைந்து பார்த்தால், ருஷ்யாவின் வடகோடியில் பிளெசெட்ஸ்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் இரண்டும் வெட்டிக்கொண்டன. அங்கே இரகசியமாய் ஒரு ராக்கெட் தளம் இருக்கிறதென்று வாத்தியாரும் பையன்களும் உலகத்துக்கு அறிவித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க சர்க்காருக்கு வேவுக் கோள்களின் மூலம் இது முன்னமே தெரியும். ஆனால் தன் ஜனங்களுக்குச் சொல்லவில்லை. சோவியத் சர்க்காரோ அப்படி ஒரு தளம் உண்டென்பதை 1983 வரை ஒப்புக்கொள்ளவேயில்லை. இரண்டு பெரிய வல்லரசுகள் மூடிவைத்ததை, ஒரு ரேடியோவும் கடிகாரமும் பென்சிலும் வைத்திருந்த பள்ளிக்கூடத்துப் பையன்கள் திறந்துவிட்டார்கள்!

கேட்டவர்கள் மாத்திரமல்ல, கோளையே செய்தவர்களும் உண்டு. 1961 டிசம்பர் 12ந் தேதி மேலே போன ஆஸ்கார் 1 என்பது கலிபோர்னியா அமெச்சூர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகைகளில் செய்த கோள். எடை நாலரைக் கிலோ. ஒரு சர்க்கார் ராக்கெட்டில் ஓரத்தில் இடம் கேட்டுத் தொற்றிக்கொண்டு போய், மோர்ஸ் தந்தியில் "ஹாய்" என்று சொல்லிக்கொண்டே சுற்றிற்று. அந்த "ஹாய்" எவ்வளவு வேகமாய் வருகிறதென்பதைக் கொண்டு உள்ளே இருக்கும் உஷ்ணத்தைத் தெரிந்துகொள்ளலாம். 28 தேசங்களிலிருந்து 570 பேருக்கு மேல் கேட்டதாக எழுதினார்கள். நம் தேசத்திலும் 2005 மே 5ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அமெச்சூர்களுக்கென்றே 'ஹாம்சாட்' என்ற 42½ கிலோ எடையுள்ள கோள் ஏவப்பட்டது. அது 2014 வரை உழைத்தது. அதன் குரலைக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

இனி, சாதாரணமாய்ச் சொல்லப்படும் ஆக்ஷேபணைகளுக்கு வருவோம்.

"இதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் காரியம்" என்பது ஒன்று. ரெசிஸ்டர் கரண்டை மட்டுப்படுத்துகிறது; கெபாசிட்டர் கொஞ்சம் சேர்த்துவைத்துக் கொடுக்கிறது; டிரான்சிஸ்டர் சிறிய அசைவைப் பெரிதாக்குகிறது. வாய்க்காலில் மடை, தொட்டி, மதகு இவைகளை வைத்துப் பயிர் செய்கிற குடியானவனுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமா? புரியாது என்று சொல்லிச் சொல்லியே அவனைத் தொடவிடாமல் செய்ததல்லாமல், புரியவைக்க முயன்றவர் எத்தனை பேர்?

"லைசென்சு வேண்டுமே" என்பது மற்றொன்று. ரேடியோவில் பேசி அனுப்புவதற்கு இந்திய சர்க்காரின் அமெச்சூர் லைசென்சு வேண்டும். அதற்குப் பரீட்சை உண்டு. ஆனால் 12 வயதுப் பிள்ளையே அந்தப் பரீட்சைக்குப் போகலாம். ஆணுக்கு ஒரு சட்டம், பெண்ணுக்கு ஒரு சட்டம் அதில் கிடையாது. அடுப்புப் பிடிக்கும் கை சால்டரிங் அயர்ன் பிடித்தால் ஒன்றும் சுட்டுவிடாது.

"இஸ்ரோவும் நாசாவும் இருக்கிறபோது நாம் பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்பது மூன்றாவது. 2019 செப்டம்பரில் சந்திரயான் 2இன் விக்ரம் என்ற இறங்குகலம் சந்திரனில் மோதி நொறுங்கிற்று. நாசா வெளியிட்ட படத்தைப் பலரும் எடுத்துப் பார்த்தார்கள். சென்னையிலிருந்த சண்முக சுப்பிரமணியன் என்ற எஞ்சினியர், பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, புள்ளி புள்ளியாய் ஒத்துப்பார்த்து, ஒரு துண்டு கிடக்குமிடத்தைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். அவர்களும் சோதித்து, அவ்வருஷம் டிசம்பரில் அவர் பேரைச் சொல்லியே உறுதி செய்தார்கள். தங்கள் கலம் முன்னமே கண்டுவிட்டது என்று இஸ்ரோ சொல்லிற்று, இருக்கட்டும். வெளியே இருக்கிற ஒரு மனிதனுக்குக் கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும் என்பது இதனால் ருஜுவாகிறதா இல்லையா?

2023 ஆகஸ்டு 23ந் தேதி சந்திரயான் 3 பத்திரமாய் இறங்கியபோது ஊரெல்லாம் கைதட்டிற்று. நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால் கைதட்டினவர்களில் எத்தனை பேர், "எப்படி இறங்கிற்று?" என்று கேட்டார்கள்? கேளாமல் கைதட்டுகிறவன், நாளைக்கு எவன் எதைச் சொன்னாலும் கைதட்டுவான். திருநள்ளாற்றுச் சேதி பரவுவதற்குக் காரணம் வானத்தைப்பற்றிச் செய்தி இல்லாமற் போனதல்ல. செய்தி தினமும் வண்டி வண்டியாய் வருகிறது. அதைச் சோதிக்கிற வழக்கந்தான் இல்லை.

அந்த வழக்கம் எப்படி வரும்? கெட்டுப்போன ஒரு ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வரும். எந்த இடம் வரைக்கும் கரண்டு வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது, எந்தப் பாகத்தை விலக்கினால் சத்தம் திரும்புகிறது என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு போனால் தவறு தானாக அகப்படும். 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1, 2023 நவம்பரில் திடீரென்று பிதற்ற ஆரம்பித்தது. அப்போது அது இருந்தது ஏறக்குறைய 2,400 கோடி கிலோமீட்டர் தூரத்தில். ஒரு சேதி போய்ச்சேர 22½ மணி நேரம். பதில் வர இன்னொரு 22½ மணி நேரம். சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு அங்கே போக முடியுமா? எஞ்சினியர்கள் அதன் ஞாபகப் பெட்டியில் உள்ளதை அனுப்பச் சொல்லி, வரிவரியாய் ஒத்துப்பார்த்து, ஒரே ஒரு சில்லு கெட்டிருப்பதைக் கண்டு, அதிலிருந்த கட்டளைகளைப் பிய்த்து வேறு இடங்களில் வைத்தார்கள். 2024 ஏப்ரலில் வாயேஜர் மறுபடி ஒழுங்காய்ப் பேசிற்று. நம் தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் செய்வதும் இதே வேலைதான்; தூரந்தான் வித்தியாசம்.

ஆகவே தோழர்களே, நம் வேண்டுகோள் இவ்வளவே. ஒவ்வொரு ஊர்ப் படிப்பகத்திலும் பத்திரிகைக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போடுங்கள். அதில் ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மீட்டர், மேலே சொன்ன குச்சி ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மாடியில் அந்த இரண்டு கம்பிகளைக் கட்டுங்கள். கோள் வந்த நேரம், அதன் குரல் இருந்த இடம், கோடு முறிந்ததா இல்லையா என்பதைப் பிள்ளைகளைக்கொண்டு எழுதி வாருங்கள்.  ஒரு மாத காலம் எழுதின நோட்டை, 3 விநாடி நிற்கிறதென்று சொல்லுகிற பெரியவரிடத்தில் மரியாதையாய்க் கொண்டுபோய்க் காட்டுங்கள். சண்டை வேண்டாம், பரிகாசமும் வேண்டாம். அவரையே ஒரு நாள் சாயந்திரம் மாடிக்கு அழைத்துவந்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.